இன்னொரு வைத்தியரைக் கேட்பது தகுமா?

ஒருவர்க்குப் புற்றுநோய் உண்டென்றோ, அந்நோய் பரவியிருக்கலாம் என்றோ ஸ்கேன் அறிக்கை கூறியவிடத்து, அதனை அப்படியே ஏற்றுச் சிகிச்சையிற் புகுவதா, அன்றி வேறொரு வைத்தியரிடம் காட்டி அவர் கருத்தையும் கேட்பதா என்னும் வினா, இன்று நம் நாட்டிற் பல குடும்பங்களின் முன் நிற்கின்றது. இதனை மருத்துவம் பயிலும் மாணவர் ஆராய்வதே முறை. தமிழ் இலக்கியம் பயிலும் உமக்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். அவர்க்கு யாம் கூறும் விடை இதுவே: அறிக்கை வந்த நாளில் அதனை வாசித்து வீட்டார்க்குப் பொருள் சொல்லுமாறு பணிக்கப்படுபவர் மருத்துவ மாணவர் அல்லர், அவ்வீட்டிற் கல்லூரிப் படி மிதித்த பிள்ளை எவரோ அவரே. எம் வீட்டில் அப்பணி எமக்கு வாய்த்தது. அதனை யாம் பிழைபடச் செய்தோம். அப்பிழையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

எம் அத்தையார் உடுமலைப்பேட்டையில் வாழ்பவர். நாள்தோறும் விடியுமுன் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூருக்குச் சென்று, பனியன் கம்பெனி ஒன்றிற் செக்கிங் வேலை பார்ப்பவர். சென்ற தைத் திங்களில் அவர்தம் மார்பகத்தில் ஒரு கட்டி காணப்பட்டது. ஊசியால் எடுத்த சதையைச் சோதித்ததிற் புற்றென்பது உறுதியாயிற்று. அது வேறெங்கேனும் பரவியுளதோ என்று அறிய ஸ்கேன் எடுத்தனர். அறிக்கையைக் கொணர்ந்து மாமா எம் கையிற் கொடுத்தார். நுரையீரலின் மேற்புறத்தே சிறு புள்ளி ஒன்று உண்டு என்றும், அது நோயின் பரவலோ என ஐயுறத்தக்கது என்றும், பிற குறிகளோடு ஒப்பிட்டு நோக்கல் வேண்டும் என்றும் அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. யாம் அதனை ஒருமுறை படித்தோம். படித்துவிட்டு, "நுரையீரலுக்குப் பரவிவிட்டது" என்றோம்.

ஐயம் என்று எழுதியிருந்ததை உறுதி என்று மொழிபெயர்த்தோம். 'பரவியிருக்கலாமோ' என்பதற்கும் 'பரவிவிட்டது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டினைத் தேர்வுத்தாளில் எழுதச் சொன்னால் நாலு பக்கம் எழுதியிருப்போம். ஆயின் வீட்டுத் திண்ணையில், எல்லோர் கண்ணும் எம் வாயை நோக்கியிருந்த அவ்வேளையில், அவ்வேறுபாடு எமக்குப் புலப்படவில்லை. அச்சம் இலக்கணத்தை மறக்கச் செய்தது.

எம் ஒரு சொல்லால் விளைந்தது என்ன? சிகிச்சைக்கென மாட்டை விற்கப் பேசிவைத்திருந்த மாமா, அன்று மாலையே அப்பேச்சினை நிறுத்திவிட்டார். அவர் அன்பில்லாதவர் அல்லர். பரவிய பின் செலவு செய்து பயனில்லை என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பியவர். அத்தையாரோ, பிள்ளைகளின் பீசுக்கென வைத்த பணத்தைத் தொடக் கூடாதென்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குச் சென்றார். அன்றிரவு பெரியவர்கள் கூடிப் பேசினர். கோயமுத்தூரிலோ வேலூரிலோ இன்னொரு வைத்தியரைக் கேட்போம் என்றார் எம் அன்னையார். வேண்டாம் என்று மறுத்தார் பெரியப்பா. அவர் கூறிய காரணங்கள் நம் நாட்டார் பலரும் கூறுவனவே ஆதலின், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதலாவது, வைத்தியரை மாற்றினால் கைராசி போய்விடும் என்பதும், கேட்பது அவரை அவமதித்தலாகும் என்பதும். கைராசி என்பது நம்பிக்கையின் மற்றொரு பெயரே. நோயாளிக்கு வைத்தியர்பால் நம்பிக்கை வேண்டுமென்பதை யாமும் மறுக்கவில்லை. ஆயின் கேள்வியைத் தாங்காத நம்பிக்கை உறுதியானதன்று. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ஆம் ஆண்டில் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில், இரண்டாம் கருத்தினை நாடும் உரிமை தனியே எடுத்துரைக்கப்பட்டுள்ளது. அவ்வாறு நாடுவோர்க்கு வேண்டிய ஆவணங்களைத் தருதல் வைத்தியர்க்குக் கடமை. நோயாளி கேட்ட 72 மணி நேரத்திற்குள் மருத்துவக் குறிப்புகளைத் தரவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆகவே, கேட்பது திருட்டுமன்று, நன்றி மறத்தலுமன்று. இதனை எமக்குச் சாசனத்தினும் தெளிவாக விளக்கியவர் அத்தையாரே. பெரியப்பா பேசி முடித்தபின், கதவருகே நின்றிருந்த அவர், "தைத்தவரே செக்கிங் பார்ப்பதில்லையே, கண்ணு! அதற்காக டெய்லர் எங்களோடு கோபித்துக்கொள்கிறாரா?" என்றார். ஒரு பனியனுக்கு இரண்டு கண் வேண்டுமென்று கருதும் ஊரில், ஓர் உயிருக்கு ஒரு கண் போதுமென்று வாதிடுவது எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாவது, ஸ்கேன் எந்திரம் பொய் சொல்லாது என்பது. எந்திரம் பொய் சொல்லாது என்பது உண்மையே. ஆயின் அது பேசுவதும் இல்லை. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த நாள் முதல், 1971-இல் இலண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவரின் மூளையைச் சி.டி. ஸ்கேன் படமெடுத்த நாள் வரை மட்டுமன்றி, இன்றளவும் இக்கருவிகள் நமக்குத் தருவது உறுப்புகளின் உருவையே. உருவுக்குப் பொருள் உரைப்பவர் மனிதர். ஒரே செய்யுளுக்கு உரையாசிரியர் இருவர் இருவேறு பொருள் காண்பதை வகுப்பில் அன்றாடம் கேட்கும் நமக்கு இது வியப்பன்று. நம் நாட்டில் இதற்குத் தனிக் காரணமும் ஒன்றுண்டு. காசநோய் இங்கே மிகுதி. ஆறிய காசத்தின் தழும்பும், ஆறாத காசத்தால் வீங்கிய நிணக்கட்டியும் படத்திற் புற்றுப்போல் தோன்றக்கூடும். செல்கள் சர்க்கரையை உட்கொள்ளும் வேகத்தைக் கொண்டு புற்றினைக் காட்டும் பெட் ஸ்கேனிலும், காசமுள்ள இடம் ஒளிவிட்டுத் தோன்றுதல் உண்டு. ஆதலின், படம் ஐயத்தை எழுப்பும். ஐயத்தைத் தீர்ப்பது பெரும்பாலும் சதைச் சோதனையே. ஊசி பட்டால் புற்று பரவும் என்னும் அச்சம் நம் பக்கத்தே பெருவழக்காய் உள்ளது. பெரும்பாலான புற்றுகளில் அவ்வபாயம் மிகமிகச் சிறிது. அதற்கஞ்சிச் சோதனையைத் தள்ளுவதே பெரிய அபாயம்.

மூன்றாவது, பணம். உடுமலையினின்று கோயமுத்தூர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சென்னையும் வேலூரும் ஓர் இரவுப் பயணம். சனிக்கிழமை தோறும் வாரச் சம்பளம் வாங்கிப் பிழைக்கும் குடும்பத்திற்கு, வேலைக்குப் போகாத ஒவ்வொரு ஷிப்டும் இழப்பே. இதனை எளிதாகச் சொல்லித் தள்ள யாம் துணியோம். ஆயினும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்த் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிட்டும் என்பதையும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உண்டென்பதையும் நம் மக்கள் அறிதல் வேண்டும். 2012-இல் அமைக்கப்பட்ட தேசியப் புற்றுநோய்த் தொகுப்பில் நாடெங்குமுள்ள மருத்துவமனைகள் இணைந்துள்ளன. மும்பையிலுள்ள டாடா நினைவு மருத்துவமனையைச் சார்ந்து இயங்கும் 'நவ்யா' என்னும் ஏற்பாட்டின் வழியே, ஊரை விட்டு அகலாமலே அறிக்கைகளை அனுப்பி வல்லுநர் கருத்தினை எழுத்து வடிவில் பெறவும் கூடும். பயணம் செல்லவேண்டியது நோயாளியன்று, பெரும்பாலும் அவர்தம் ஆவணங்களே என்று அறிந்தால் செலவு பாதியாகும்.

நான்காவது, காலம். இதுவே பெரியப்பாவின் வாதங்களுள் வலியது. 2020-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆராய்ச்சித் தொகுப்பு ஒன்று, புற்றுக்குரிய அறுவைச் சிகிச்சை நான்கு வாரம் தாழ்க்குந்தோறும் இறக்கும் அபாயம் நூற்றுக்கு 6 முதல் 8 வரை மிகுவதாகக் காட்டிற்று. எம் தெருவிலேயே ஒருவர், தமக்குப் புற்றென்று சொன்ன வைத்தியரை நம்பாது, இல்லையென்று சொல்வார் ஒருவரைத் தேடி ஊர் ஊராய்ச் சென்றார். இரண்டாமவரும் மூன்றாமவரும் முதல்வர் சொன்னதையே சொல்லினர். ஆறாமவர் ஒருவர், வைத்தியரல்லாதவர், இல்லையென்று சொன்னார், அவரிடமே மருந்துண்டார். நான்கு திங்கள் கழித்து முதல் வைத்தியரிடம் திரும்பி வந்தபோது, முதலில் செய்திருக்கக் கூடிய அறுவை செய்யமுடியாததாகிவிட்டது. பன்னிரண்டாண்டு நோயுற்றுப் பல வைத்தியர் கையிற் பாடுபட்டு, உள்ளதெல்லாம் செலவழித்தும் குணமடையாத பெண்ணொருத்தியைப் பற்றி மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் நாம் படித்திருக்கிறோம். வைத்தியர் பலரை நாடுதல் தானே ஒரு நோயாகக் கூடும்.

ஆகவே, கேட்டலிலும் தீங்குண்டு, கேளாமையிலும் தீங்குண்டு. இவ்விரண்டையும் திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தின் ஈற்றுக் குறளில் ஒரே தட்டில் வைத்து நிறுத்துகின்றார். ஆராயாமல் ஒருவரை நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் அவர்மேல் ஐயங்கொள்ளுதலும் ஒருங்கே நீங்காத் துன்பம் தருவன என்பது அதன் கருத்து. அரசன் அமைச்சரைத் தேர்வதைப் பற்றி எழுந்த அக்குறள், மருத்துவமனை வாயிலில் நிற்கும் நமக்கும் பொருந்துகின்றது. எம் மாமா முதற்பிழையின் விளிம்பில் நின்றார். எம் தெருவினர் இரண்டாம் பிழையில் வீழ்ந்தார். இரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு, அது குறுகலானது.

இரண்டாம் கருத்தினால் எத்துணைப் பயன் விளையும் என்பதையும் மிகையின்றி அறிதல் நன்று. அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், வேற்றிடங்களிற் சோதிக்கப்பட்டு வந்த 6,171 நோயாளரின் சதைத் துண்டங்களை மீண்டும் சோதித்து 1999-இல் முடிவு வெளியிட்டனர். சிகிச்சையையோ நோயின் போக்கினைப் பற்றிய கணிப்பையோ பெரிதும் மாற்றத்தக்க வேறுபாடு 86 பேருக்கே காணப்பட்டது. அஃதாவது நூற்றுக்கு 1.4. மேயோ கிளினிக்கார் 2017-இல் வெளியிட்ட மற்றொரு கணக்கில், பிற வைத்தியர் அனுப்பிய 286 நோயாளருள் நூற்றுக்கு 21 பேருக்கு நோயின் பெயரே மாறிற்று. ஆயின் இவர்கள் பலவகை நோயினர், தெளிவு கிட்டாமையால் அனுப்பப்பட்டவர். இவ்விரு கணக்கினையும் சேர்த்து நோக்கின் பெறப்படுவது யாது? சதைச் சோதனையில் தெளிவாகப் புற்றென்று வந்தது, இன்னொருவரிடம் காட்டினால் பெரும்பாலும் இல்லையென்று ஆகாது. ஐயம் உள்ள இடத்திலேதான் இரண்டாம் கண் மிகுதியும் பயன்படும். நோய் உண்டா என்பதைவிட, அது எவ்வளவு, எவ்விடம், எம்முறையாற் சிகிச்சை செய்வது என்பவற்றிலேயே கருத்துகள் வேறுபடும். சான்றாக, மார்பகப் புற்றிற் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளிப்பதும், தகுந்த நோயாளர்க்கு, மார்பகம் முழுவதையும் அகற்றுவதற்கு நிகரான ஆயுளைத் தருமென்பது இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருபதாண்டு தொடர்ந்து நோக்கி, 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சிகளால் நிலைநாட்டப்பட்டது. இதனை அறியாத பெண்ணுக்கு ஒரு வழியே தெரியும். கேட்டறிந்தவளுக்கு இரண்டு வழி தெரியும்.

இனி, எம் வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்லி முடிப்போம். அத்தையாரின் செக்கிங் வாதத்திற்குப் பெரியப்பாவிடம் விடையில்லை. மறுநாள் மாமாவும் யாமும் முதல் வைத்தியரிடமே சென்று, இன்னொருவரைக் கேட்க விரும்புகிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் சினக்கவில்லை. "நான் சந்தேகம் என்றுதானே சொன்னேன்? பரவிவிட்டதென்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று வினவினார். யாம் தலைகுனிந்தோம். அவரே கடிதம் எழுதி, ஸ்கேன் தட்டினையும், சதைத்துண்டம் பதித்த மெழுகுக் கட்டியையும், கண்ணாடித் தகடுகளையும் கொடுத்தனுப்பினார். மற்றொரு நகரத்து மருத்துவமனையில் அறுவை வைத்தியர், கதிர் வைத்தியர், மருந்து வைத்தியர், படம் பார்ப்பவர் ஆகியோர் ஒருங்கிருந்து ஆராயும் டியூமர் போர்டு என்னும் குழுவின் முன் அவை வைக்கப்பட்டன. அவர்களுள் ஒருவர் அத்தையாரை நோக்கி, "அம்மா, சிறுவயதில் உங்களுக்குக் காசநோய் இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது. இருபதாண்டுகளுக்கு முன் எடுத்த எக்ஸ்ரே படம், ஞானஸ்நானச் சீட்டோடு தகரப்பெட்டியின் அடியிற் கிடந்தது. அதனைக் கொணர்ந்து ஒப்பிட்டபோது, அதே இடத்தில் அதே புள்ளி காணப்பட்டது. பழைய தழும்பு என்று முடிவு செய்து, சில திங்கள் கழித்து மீண்டும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்குமாறும் பணித்தனர். இவை யாவும் பத்து நாளில் முடிந்தன.

மார்பகத்திலுள்ளது புற்றென்பது மாறவில்லை. அதனை யாரும் மாற்றவில்லை. மாற்றுவார் என்று யாம் எதிர்பார்க்கவுமில்லை. ஆயின், குணமாக்க இயலாதென்று எம் வாயால் அறையப்பட்ட நோய், குணமாக்க முயலத்தக்க நோயாயிற்று. சிகிச்சை இப்போது முதல் வைத்தியரிடமே, உடுமலைக்கு அண்மையிலேயே நடைபெறுகின்றது. முடிவு எப்படியாகும் என்று எவரும் கூறவியலாது. ஆயினும் மாடு விற்கப்பட்டது; அது விற்கப்பட்டதில் வீட்டார் எல்லோர்க்கும் மகிழ்ச்சியே.

சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் இளைய சகோதரி மலக்குடற் புற்றினால் இளமையிலே மாண்டார். அந்நோய் முதலிற் சீதபேதி எனப் பிழைபடக் கருதப்பட்டது. வைத்தியர் ஒருவரின் இல்லத்திலேயே இது நிகழ்ந்ததாயின், பிறர் நிலை என்னாம்? அத்துயரை அம்மையார் மறக்கவில்லை. 1952-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் 12 படுக்கைகளோடு அந்நிலையம் திறக்கப்பட்டது. ஓர் இல்லத்திற் பிழைபட்ட ஒரு கணிப்பு, பல்லாயிரவர்க்குச் சரியான கணிப்பினைத் தரும் நிலையமாயிற்று.

இவற்றால் யாம் துணிந்த கருத்தினைச் சுருங்கக் கூறுவோம். அறிக்கையில் ஐயச்சொல் உள்ளவிடத்தும், பெரிய அறுவையோ உறுப்பிழப்போ நேருமிடத்தும், இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று சொல்லப்படுமிடத்தும், இன்னொரு வைத்தியரைக் கேட்டல் தகும், கேட்டலே கடமை. அங்ஙனம் கேட்குங்கால், முதல் வைத்தியர்க்கு மறையாது, அவர் கடிதத்தோடு செல்லுக. பல துறை வைத்தியர் கூடியாராயும் இடத்தையே நாடுக. அறிக்கைத் தாளை மட்டுமன்றிப் படங்களையும் சதைத் துண்டங்களையும், வீட்டிற் கிடக்கும் பழைய ஆவணங்களையும் கொண்டுசெல்லுக. எத்தனை நாள் பொறுக்கலாம் என்று முதலிலேயே கேட்டு, அவ்வெல்லையைக் கடவாதிருக்க. கடுமையான இரத்தப்புற்று, மூச்சுத்தடை, குருதிப்பெருக்கு இவை உள்ளவிடத்துச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டே கேட்க. இரு கருத்தும் ஒத்தவிடத்து அதனோடு நிற்க. ஒவ்வாவிடத்து, ஏன் ஒவ்வவில்லை என்று இருவரையும் கேட்க. 'இல்லை' என்னும் சொல்லைத் தேடிச் செல்லற்க. உண்மையைத் தேடிச் செல்க.

நம் கல்லூரி நண்பர்க்கு இறுதியாக ஒரு விண்ணப்பம். உங்களுள் ஒருவர் கையிலும் என்றேனும் ஓர் அறிக்கை கொடுக்கப்படும். அதனை வாய்விட்டு வாசிக்குமுன் இருமுறை உள்ளே வாசியுங்கள். 'இருக்கலாம்' என்றிருப்பின் 'இருக்கலாம்' என்றே சொல்லுங்கள்; தெரியாத சொல்லுக்குத் தெரியாது என்றே சொல்லுங்கள். நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என மருத்துவம் நான்கு கூறுடைத்தென்றார் வள்ளுவர். நம்மிற் பெரும்பாலோர்க்கு வாய்க்கும் இடம் அந்நான்காவது. அவ்விடத்தில் நின்று யாம் ஒரு சொல்லால் ஏறத்தாழ ஓர் உயிரைக் கைவிட்டிருப்போம். அப்பிழை உங்கட்கு நேராதிருப்பதாக.